ரொவெல்லி வீட்டுக் குறி

மலைப் பள்ளத்தாக்கில் ஒதுங்கிக் கிடக்கும் எங்கள் கோர்வெஸ்கோவுக்கு வெளியாள் வருவது வருஷத்துக்கு நாலைந்து பேர்தான். அதில் ஒருவன் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கி, "நான் ரொவெல்லி, செலெஸ்தீனோவின் பேரன்" என்று சொன்னால் ஊர் என்ன செய்யும்? 1958 அக்டோபரில் எங்கள் ஊர் செய்ததைச் சொல்கிறேன். மஞ்சள் தபால் பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. விடுதிக்காரி, எட்டு அறையும் காலியாகக் கிடக்க, இடமில்லை என்றாள். பாதிரியார் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து, அவன் காட்டிய பெயரைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார். என் ஊரைப் பற்றி நானே இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் அவனை ஒத்தாவியா வீட்டுக்குக் கூட்டிவந்தவன் பஸ் ஓட்டுநர் டெல்ஃபோ. ஐம்பது வயது, வண்டியைவிட வாய் வேகமாக ஓடும். ஒத்தாவியா செரீனி, மாவட்ட நீதிமன்றத்தில் முப்பத்தெட்டு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளத்தாக்கில் யாருக்குப் பத்திரச் சிக்கல், வாரிசுச் சிக்கல் வந்தாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் எதைத் துருவினாலும் தன்னையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று டெல்ஃபோ தானாகவே முடிவு செய்து வைத்திருந்தான்.

"அக்கா, ஒரு கேஸ் கொண்டாந்திருக்கேன். இவர் பேசுறதை மட்டும் கேளுங்க, செத்துப்போன கிழவங்க எந்திரிச்சு வந்தாப்பல இருக்கும்."

வந்தவன் தொப்பியைக் கழற்றினான். முப்பத்தெட்டு வயது, பால் பண்ணைக்காரனுக்குரிய தடித்த மணிக்கட்டு. "வந்தனம் அம்மணி. என் நாமம் ஆல்வின் ரொவெல்லி. தபால் குதிரைவண்டிக்காரர்தான் இவ்விடம் அழைச்சாந்தாரு."

"குதிரையை அவுத்து விட்டு நாப்பது வருஷமாச்சு சாமி," என்றான் டெல்ஃபோ.

தாத்தாவிடம் கற்ற பேச்சு. 1891இல் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கப்பலேறிய பேச்சு, அங்கே ஒரு பண்ணை வீட்டுக்குள் அப்படியே தங்கிவிட்டது. ஒத்தாவியா சிரிக்கவில்லை. பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களி கிளறிக்கொண்டிருந்த செப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"பாட்டனார் கலிபோர்னியாவுல மாட்டுப் பண்ணை வச்சுப் பெரிய குடும்பமா வாழ்ந்தாரு. முப்பத்தொம்போதுல காலமாயிட்டாரு. இந்த ஊர்ப் பேச்ச எடுத்தா எழுந்து கொட்டாய்க்குப் போயிருவாரு. எனக்கும் பிள்ளைக இருக்காக. அவுகளுக்காக வம்சாவளி எழுதலாம்னு ஆறு வருசமா அலையறேன். இங்க வந்தா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறாக. அவர் அப்படி என்னதான் செஞ்சாரு?"

டெல்ஃபோ சன்னலைப் பார்த்தான். ஒத்தாவியா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"செலெஸ்தீனோ, நத்தாலேன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி தனித்தனி வீடு. ஒருத்தர் கலிபோர்னியா போகணும், ஒருத்தர் இங்க இருந்து தாயைப் பாத்துக்கணும். தாய்க்காரி நீளமும் குட்டையுமா கம்புத்தாள் ரெண்டைக் கையில மறைச்சுப் பிடிச்சா, நீளத்தை உருவறவர் போகணும்னு. நீளத்தாள் செலெஸ்தீனோவுக்கு வந்துச்சு. மார்ச்சு மாசம் கிளம்பினார். தம்பி வழியனுப்பக் கூடப் போனான், திரும்பி வரலை. ஜூன்ல தண்ணி வத்தினப்ப மலையிடுக்குல ஒரு பிணம் கெடச்சது. மூஞ்சி இல்லை. மேல நத்தாலேயோட சட்டை. பின்மண்டையில இரும்பால அடிச்ச காயம். அதுக்குள்ள உங்க தாத்தா கடல் தாண்டிட்டார். ஒரு கடுதாசி கூடப் போடலை. ஊர் முடிவு பண்ணிருச்சு."

ஆல்வின் தொப்பியை மேசையில் வைத்தான்.

"அண்ணன் தம்பியக் கொன்னுட்டாரா."

"அப்படித்தான் அறுபத்தேழு வருஷமா சொல்றாங்க. தம்பியோட பேரன் எத்தோரேதான் இப்ப ஊர்த்தலைவர். உங்க தாத்தா போறப்ப அவர் பொண்டாட்டி லூச்சியா வயித்துல பிள்ளை இருந்துச்சு. அந்த மக அசுந்தா இன்னும் இருக்காங்க. கொலைகாரன் மக. வேற பேர் சொல்லி அவங்களை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை."

"எனக்கு அத்தை," என்றான் ஆல்வின் மெதுவாக. பிறகு நிமிர்ந்தான். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல, எல்லாரும் பாக்க, அந்த எத்தோரே கிட்ட மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன். அத்தைக்கு இனிமேலாவது நிம்மதி கெடைக்கட்டும்."

"அது உங்க இஷ்டம். இன்னிக்கிப் புதன். அதுக்குள்ள உங்க வம்சாவளியை ஒரு தடவை பாத்துக்கிறேன்."

ஆல்வின் பெரிய தாளை மேசையில் விரித்தான். உச்சியில் செலெஸ்தீனோ; பக்கத்தில் அவன் அங்கே கட்டிய ஐரிஷ் மனைவி மார்கரெட். கீழே நாலு மகன்கள்: செலெஸ்தீனோ, ராபர்ட், ஹென்றி, ஆல்பர்ட்.

"மூத்தவர்தான் எங்கப்பா. செலெஸ்தீனோ ஜூனியர்னு சொல்லுவாக. எங்க ஊர்ல அப்பன் பேரை மகனுக்கு வைக்கிறது சகஜம்."

ஒத்தாவியாவின் விரல் அந்தப் பெயர் மேல் நின்றது. "பேரை யார் வச்சது? பாட்டியா?"

"பாட்டனார்தான். பாட்டிக்கு அவுக அப்பா பேர் வைக்க ஆசை. இவர் விடலையாம்."

அடுத்து புகைப்படங்கள். கல்யாணப் படத்தில் தாத்தா வாசற்படி மேல் நிற்க, பாட்டி கீழே நின்றாள். அப்படியும் தலைகள் சமமாகத்தான் இருந்தன. "பாட்டனார் குள்ளம். கறவை முக்காலி மேல ஏறித்தான் குதிரைக்குச் சேணம் போடுவாரு," என்றான் ஆல்வின், இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்னச் சிரிப்போடு. இன்னொரு படம் பண்ணை வாயில். மேலே மரப்பலகையில் மூன்று பல் வைக்கோல் வாரி ஒன்று சுட்டுப் பொறிக்கப்பட்டிருந்தது. வாரிக் காம்பின் அடியில் குறுக்கே ஒரு குட்டைக் கோடு.

"இது எங்க மாட்டுக்குப் போடுற சூட்டுக்குறி. தொண்ணூத்தாறுல முதல் மாடுக வாங்கினப்ப அவரே இரும்பை அடிச்சுச் செஞ்சது. கீழ்க்கோடு தோல்ல பட்டா தீஞ்சு அசிங்கமாயிரும், எடுத்துருங்கன்னு ஆளுக எத்தனை தரம் சொல்லியும் கேக்கலை. அதுக்காக ஒருத்தனை வேலையை விட்டே நிறுத்தினாரு."

"கோடு அவர் போட்டதுதானே? பின்னால உங்கப்பா சேத்ததில்லையே?"

"அரசாங்கப் புத்தகத்துல தொண்ணூத்தாறுலயே இப்படித்தான் பதிஞ்சிருக்கு."

ஒத்தாவியா படத்தைத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் காலை மூவரும் அசுந்தாவைப் பார்க்க மேல்தெருவுக்குப் போனார்கள். மேல்தெருவுக்குப் போக ஒரே வழி, மலையிடுக்கின் விளிம்பை ஒட்டிய பாதை. அதன் வளைவில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. "இங்கே நத்தாலே ரொவெல்லி தன் அண்ணன் கையால் மாண்டான். கடந்து போகிறவர்களே, அவனுக்காக வேண்டுங்கள்." ஆல்வின் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். அசுந்தா பள்ளிக்கூடம் போனதும், தண்ணீருக்குப் போனதும், தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால் போனதும் இந்த வழியாகத்தான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அவள் வருகிற நேரம் பார்த்து இதை உரக்கப் படிப்போம். நானும் படித்திருக்கிறேன்.

அசுந்தா வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஆல்வின் தான் யார் என்று சொன்னதும் கோடாரியை அடிமரத்தில் கொத்தி நிறுத்தினாள்.

"அந்தாளுக்கு அங்க எத்தனை பிள்ளைங்க?"

"நாலு பேர், அத்தை."

"நாலு பேரை வளத்திருக்காரு." அவள் கைகளை இடுப்பில் கட்டிய முன்துணியில் துடைத்தாள். "எங்கம்மா என்னைத் தினமும் அந்தச் சிலுவைக்குக் கூட்டிப் போய், எங்க சித்தப்பா ஆத்மாவுக்காக வேண்டிக்கச் சொல்லுவா. அப்பனுக்காக ஒரு நாளும் வேண்டுனதில்லை. கல்லறையில ரொவெல்லிங்க வரிசைப் பக்கம் நானும் அம்மாவும் காலே வைக்கக் கூடாதுன்னு நத்தாலே பொண்டாட்டி மார்த்தா சத்தியம் வாங்கிட்டா. இன்னிக்கி வரைக்கும் வச்சதில்லை."

ஆல்வின் ஞாயிற்றுக்கிழமை செய்யப்போவதைச் சொன்னான். அசுந்தா யோசித்தாள்.

"நானும் வரேன். மண்டி போட்டா முடியும்னா போடுறேன். சாகறதுக்கு முன்னால இந்தப் பேரு என்னை விட்டுப் போகட்டும்."

ஒத்தாவியா அடிமரத்தின் பக்கம் குனிந்தாள். அதன் விலாவில் மூன்று பல் வைக்கோல் வாரி ஒன்று செதுக்கியிருந்தது. அடியில் கோடு இல்லை. "இது யார் போட்ட குறி, அசுந்தாக்கா?"

"எங்கப்பா. தாத்தா ஜாக்கமோ வச்சிருந்த குறி மூத்தவருக்கு அப்படியே வந்துச்சு. என்ன செஞ்ச ஆளா இருந்தாலும் குறி அவரோடதுதான். நான் மாத்தலை. அடுத்தவன் குறியைத் தன் சாமான்ல போடுறவன் திருடன், தன் குறியைப் போடாதவன் அநாதைன்னு அம்மா சொல்லுவா."

"அசுந்தான்னு பேர் வச்சது அம்மாவா?"

"ஆகஸ்டு பதினஞ்சு, மாதா திருநாள்ல பொறந்தேன். பாதிரியார் வச்சாரு. அப்பன் செத்திருந்தா செலெஸ்தீனான்னு வச்சிருப்பாங்க. உசுரோட இருக்கிற அப்பன் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது அவனுக்குக் குழி வெட்டுற மாதிரில்ல. அவரு எங்கயோ உசுரோடதான் இருக்காருன்னு ஊருக்கே தெரியும்."

திரும்பி வரும் வழியில் எத்தோரே தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். ஊர்த்தலைவன், நாற்பத்தைந்து வயது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் தேர்ந்தவன். செய்தி அவனுக்கு முன்பே எட்டியிருந்தது.

"மன்னிப்புக் கேக்கணும்னா கேளுங்க, வேண்டாம்னு சொல்ல நான் யாரு. ஆனா ஞாயித்துக்கிழமை, பூசைக்கப்புறம், கோயில் வாசல்ல. எல்லாரும் பாக்குற மாதிரி."

டெல்ஃபோ வாசல் உத்தரத்தைச் சுட்டிக்காட்டினான். அங்கே மூன்று பல் வைக்கோல் வாரி, காம்படியில் குறுக்குக் கோடு. "பாத்தீங்களா? உங்க பண்ணைல உள்ள அதே குறி. நீங்க அசல் ரொவெல்லிதான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆல்வினுக்குக் கண் கலங்கியது. எத்தோரே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒத்தாவியா மட்டும் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு டெல்ஃபோவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்கி உனக்கு லீவு இருக்கா?"

"இல்லைன்னாலும் எடுத்துக்கறேன். எங்க போகணும்?"

"பெல்லின்சோனா. ராணுவத்துக்கு ஆள் எடுத்த பழைய பதிவேடு அங்க இருக்கு. இந்த ரெண்டு பேரையும் தேடி, அவங்க பேருக்கு நேரா உள்ள வரியை அப்படியே எழுதிக் கொண்டா. உன் சொந்தக் கருத்தைச் சேக்காம."

"அக்கா, கருத்து சொல்ல நான் யாரு," என்றான் டெல்ஃபோ. மறுநாள் விடியுமுன் கிளம்பிவிட்டான்.

அன்று முழுக்க ஒத்தாவியா நீதிமன்ற மேல்மாடியில் இருந்தாள். பழைய கட்டுகளின் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. திருப்பிக் கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. 1891ஆம் வருஷக் கட்டில் மருத்துவரின் அறிக்கை ஒரே பக்கம். ஆணின் உடல், முகம் சிதைந்தது, காலணி இல்லை, பின்மண்டையில் ஒரே அடி, நீளம் ஒரு மீட்டர் எழுபத்து மூன்று. அடுத்த தாளில் மார்த்தாவின் வாக்குமூலம்: ஊர் அலுவலகத்தில் தனக்குக் காட்டிய பழுப்புக் கம்பளிச் சட்டை, முழங்கையில் தான் போட்ட ஒட்டுள்ளது, தன் கணவனுடையதே; குட்டைத்தாள் வந்ததிலிருந்து அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. உடலின் நிலை கருதி அது அவளுக்குக் காட்டப்படவில்லை. அவ்வளவுதான். இந்த இரண்டு தாளை வைத்துக்கொண்டுதான் ஊர் ஒரு பிறவாத பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதியது.

சனிக்கிழமை மதியம் ஊர் அலுவலகத்துக்கு நாலு பேரை ஒத்தாவியா வரச் சொன்னாள்: ஆல்வின், எத்தோரே, அசுந்தா, டெல்ஃபோ. அசுந்தா கதவோரம் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னதே அன்றுதான் முதல் தடவை.

"நாளைக்கி மன்னிப்புக் கேக்கறதை வச்சிருக்கீங்க. யார் யார்கிட்ட கேக்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம்," என்று ஆரம்பித்தாள் ஒத்தாவியா. "எத்தோரே, உங்க மூத்த பையன் பேர் என்ன?"

"ஜாக்கமோ. எங்கப்பா பேரு. இது உங்களுக்குத் தெரியாதா?"

"உங்க பேரை ஏன் வைக்கலை?"

"நான் இன்னும் சாகலையே," என்றான் எத்தோரே. டெல்ஃபோ சிரித்துவிட்டு, ஒத்தாவியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அதேதான். இந்தப் பள்ளத்தாக்குல செத்தவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். முதல் மகனுக்குத் தாத்தா பேர். ஆல்வினோட தாத்தா நாலு ஆம்பளைப் பிள்ளை பெத்தார். ஒருத்தருக்குக்கூடத் தன் தகப்பன் ஜாக்கமோ பேரை வைக்கலை. மூத்தவனுக்கு செலெஸ்தீனோன்னு வச்சார், பொண்டாட்டியோட சண்டை போட்டு வச்சார். அமெரிக்காவுல அது அப்பன் பேரு. எங்களுக்கு அது செத்தவன் பேரு."

ஆல்வின் புருவத்தைச் சுருக்கினான். "ஜாக்கமோ பேரை ஏன் விட்டாரு?"

"ஒரு அப்பனுக்கு ஏற்கெனவே ஒரு ஜாக்கமோ உசுரோட இருந்தா ரெண்டாவது மகனுக்கு அதை வைக்க மாட்டோம். செலெஸ்தீனோவுக்கு இங்க மகனே கிடையாது. நத்தாலேக்கு இருந்தான். 1888ல பொறந்த ஜாக்கமோ. எத்தோரேயோட அப்பா."

அறையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. எழுந்தவன் எத்தோரே.

"இதென்ன கதை? பேர் வச்சதுக்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடிச்சா ஊர்ல ஒருத்தன் தப்ப முடியாது."

"உக்காருங்க, இன்னும் இருக்கு. போன வருஷம் உங்க கஷ்கொட்டை மரத்துல உங்க சகலை தன் குறியை வெட்டினதுக்கு வழக்குப் போட்டீங்க. மரத்தோட விலையைவிட வக்கீல் செலவு ஜாஸ்தி ஆச்சு. ஏன் போட்டீங்க?"

"அது என் குறி. மானப் பிரச்சினை."

"தாத்தா ஜாக்கமோ வச்சிருந்தது வெறும் வாரி. அது மூத்தவருக்குப் போச்சு, அசுந்தாக்கா வீட்டு அடிமரத்துல இன்னும் இருக்கு. இளையவர் அடியில ஒரு கோடு சேத்துக்கிட்டார், அது உங்க வாசல் உத்தரத்துல இருக்கு. கலிபோர்னியா மாடு மேல இருக்கிறதும் கோடு போட்ட வாரிதான். டெல்ஃபோ அதைப் பாத்து இவர் ரொவெல்லிதான்னான். சரி. ஆனா எந்த ரொவெல்லி? அண்ணன் பேர், அண்ணன் பாஸ்போர்ட்டு, அண்ணன் டிக்கெட்டு எல்லாத்தையும் எடுத்துக்க முடிஞ்ச ஆளுக்கு, தன் சொந்த மாட்டு மேல அண்ணன் குறியைப் போடக் கை வரலை. தோல் தீஞ்சாலும் பரவாயில்லைன்னு அந்தக் கோட்டை விடலை. அங்க அது யாருக்கும் புரியப் போறதில்லை. தைரியமா போட்டுட்டார்."

ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் எத்தோரே விடவில்லை.

"இதெல்லாம் ஊகம். எங்க பாட்டி மார்த்தா அந்தப் பிணத்தை அடையாளம் காட்டியிருக்கா. அவ பொய் சொன்னாங்கிறீங்களா?"

"இல்லை. அவங்களுக்குச் சட்டையை மட்டும்தான் காட்டினாங்க. சட்டை நத்தாலேயோடதுதான். உள்ள இருந்தவன் யாருன்னு யாரும் பாக்கலை. டெல்ஃபோ, படி."

டெல்ஃபோ எழுந்து நின்றான். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்சு எல்லாம் இருந்தும், தாளில் இருந்ததை மட்டும் படித்தான். "ரொவெல்லி செலெஸ்தீனோ, ஜாக்கமோ மகன், பிறப்பு 1864. உயரம் ஒரு மீட்டர் எழுபத்து நாலு. ரொவெல்லி நத்தாலே, ஜாக்கமோ மகன், பிறப்பு 1867. உயரம் ஒரு மீட்டர் அறுபது."

"இடுக்குல கெடந்த உடம்பை மருத்துவர் அளந்தார். ஒரு மீட்டர் எழுபத்து மூணு. தண்ணியில ஊறின உடம்பு பருக்கும், பதிமூணு சென்டிமீட்டர் நீளாது," என்றாள் ஒத்தாவியா. "ஆல்வின், உங்க தாத்தா குதிரைக்குச் சேணம் போட முக்காலி ஏறுவார்னீங்க."

வெளியே யாரோ ஆடுகளை ஓட்டிப் போகிற சத்தம் கேட்டு முடியும்வரை ஒத்தாவியா காத்திருந்தாள்.

"குட்டைத்தாள் வந்ததிலேர்ந்து நத்தாலே மூணு நாள் சாப்பிடலைன்னு மார்த்தாவே வாக்குமூலத்துல சொல்லியிருக்காங்க. போயே ஆகணும்னு இருந்திருக்கான். வழியனுப்பப் போற மாதிரி போய், பின்னாலேர்ந்து அடிச்சு, தன் சட்டையை அண்ணனுக்கு மாட்டி இடுக்குல தள்ளியிருக்கான். அண்ணன் அமெரிக்கா போனார், தம்பி திரும்பி வர்ற வழியில கால் தவறி விழுந்து செத்தான், பாவம். இதான் அவன் நெனச்ச கதை. கொலைன்னு யாருக்கும் தோணக்கூடாது. ஆனா மருத்துவர் மண்டையைத் திருப்பிப் பாத்துட்டார். அதனால விபத்து கொலையாச்சு, செத்தவர் கொலைகாரர் ஆயிட்டார். கடுதாசி போடாததும் அதனாலதான். கையெழுத்தை லூச்சியாவும் பாப்பா, மார்த்தாவும் பாப்பா. இவ்வளவுதான் காகிதம் சொல்லுது. கட்டின பொண்டாட்டியையும் ரெண்டு பிள்ளையையும் விட்டுட்டு எப்படிப் போக முடிஞ்சதுன்னு எந்தக் காகிதமும் சொல்லலை."

"அப்ப நான்..." என்றான் ஆல்வின்.

"நத்தாலேயோட பேரன். எத்தோரேயும் நீங்களும் ஒரே தாத்தாவோட பேரங்க."

அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூக்கு ஒரே மாதிரி இருந்ததாக டெல்ஃபோ பிறகு என்னிடம் சொன்னான். ஆல்வின் எழுந்து, அசுந்தாவின் முன்னால் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். மண்டியிடப் போனவனை அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"உங்க தாத்தா எப்படிச் செத்தாரு?"

"படுக்கையில. எழுபத்தோரு வயசு. பிள்ளைக பேரப்பிள்ளைக எல்லாரும் சுத்தி நின்னோம்."

"ராத்திரியில நல்லாத் தூங்குவாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எல்லாரும், எத்தோரேகூட, அவன் ஒரு பொய் சொல்ல வேண்டும் என்றுதான் விரும்பினார்கள்.

"நல்லாத்தான் தூங்குவாரு, அத்தை," என்றான் ஆல்வின்.

அசுந்தா தலையசைத்தாள். எத்தோரே அவள் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

"அசுந்தா, திங்கக்கிழமை ஆள் விட்டு அந்தச் சிலுவையை எடுத்துடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். நடந்தது நடந்து போச்சு. எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க."

"தெரியும். தினமும் அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போறாங்க. எனக்கு அந்த வழி நல்லாத் தெரியும்." அசுந்தாவின் குரல் உயரவில்லை. "அதனால சிலுவையில கொலைகாரன்னு உன் தாத்தா பேரைச் செதுக்கச் சொல்ல மாட்டேன். எடுத்துரு. ஆனா நாளைக்கிப் பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நீ சொல்லணும். யார் யாரைக் கொன்னாங்கன்னு, உன் வாயால. எல்லாரும் பாக்குற மாதிரின்னு நீதானே சொன்ன."

எத்தோரே சொன்னான். அதையும் எழுத வேண்டும்: மறுநாள் அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். கூட்டம் கலைய வெகுநேரம் ஆனது. சிலுவையை உரக்கப் படித்த நாங்கள் எல்லாரும் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தோம். யாரும் அசுந்தாவின் பக்கத்தில் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆல்வின் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றான்.

அசுந்தா எங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். இரும்புக் கதவைத் தாண்டி ரொவெல்லிகள் வரிசைக்கு முன் வந்ததும் அவள் கால் தானாக நின்றுவிட்டது. அறுபத்தேழு வருஷப் பழக்கம். டெல்ஃபோவோடு பின்னால் வந்த ஒத்தாவியா முழங்கையைத் தொட்ட பிறகுதான் அடுத்த அடி வைத்தாள்.

நத்தாலே என்று எழுதிய கல் வரிசையில் மூன்றாவது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கல்லைத் தரையோடு படுக்க வைத்துவிடுவார்கள். சதுரக் கல், நாலு பக்கமும் ஒரே மாதிரி. எத்தோரே வீட்டார் வைத்த பூக்கள் அதன்மேல் இருந்தன. அசுந்தா கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ஒரு பக்கம் நின்று பார்த்தாள், மறுபக்கம் போய் நின்று பார்த்தாள்.

"டெல்ஃபோ, தலை எந்தப் பக்கம்?"

டெல்ஃபோ தொப்பியைக் கழற்றினான். மதில் பக்கமாகக் கையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் போய், ஈர மண்ணில் உட்கார்ந்து, கல்லின் அந்த ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வயதான கை. கீழே கிடந்தவருக்கு இருபத்தாறு வயது.